கேழ்வரகு தின்ற சீமை

அரிசி விலை ஏறினால் தமிழ்நாட்டில் மந்திரி சபைகள் ஆட்டம் காணும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கேழ்வரகு விலை ஏறியதற்காக ஒரு மந்திரியாவது தூக்கம் கெட்டார் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் தமிழ் ஜனங்களில் மிகப் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக அன்றாட ஆகாரம் அரிசி அன்று. தருமபுரி மாவட்டத்தில் பொம்மிடிக்கும் மொரப்பூருக்கும் அண்டையில் இருக்கும் கடத்தூரை எடுத்துக் கொள்வோம். பழைய பாராமகால் சீமையைச் சேர்ந்த மண். மானம் பார்த்த புன்செய்யும் கிணற்றுப் பாசனமும்தான் அங்கே அதிகம். வெற்றிலைக்குப் பேர் போன சந்தை உண்டு, புளி உண்டு, கொள்ளு உண்டு. காவிரிக் கரைக்காரர் ‘வயல்’ என்று சொன்னதும் கண்ணில் காணும் காட்சி மட்டும் அங்கே அருமை.

இப்படிப்பட்ட சீமையில் ‘சோறு’ என்றால் சாமைச் சோறு. ‘ஆகாரம்’ என்றால் களி. நெல்லுச் சோறு என்று தனியாகப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வமான பொருள் என்று தெரிந்து கொள்ளலாம். பொங்கல், தீபாவளி, கல்யாணம், கருமாதி, இல்லையென்றால் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் அடுப்பில் பானை. பானையில் கொதிக்கும் உலைக்குள் கேழ்வரகு மாவு. துடுப்பைப் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்டி, உருட்டி எடுத்தால் களி. கீரைக் கடைசலோ, கொள்ளுச் சாறோ, மொச்சைக் குழம்போ தொட்டுக் கொள்ள இருந்தால் போதும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சாப்பாட்டு இலக்கணம். மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலைக்கு மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். ஏர் பிடித்தவன் பொழுது சாய்கிற வரையில் பசி என்று சொல்ல மாட்டான்.

கேழ்வரகுக்கு இன்னொரு குணமும் உண்டு. மணி மிகச் சிறியது. பூச்சி எளிதில் அண்டாது. நன்றாகக் காய வைத்துச் சேமித்தால் ஆண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கும். மைசூர்ச் சீமையில் நிலத்தில் குழி தோண்டி, அதில் கொட்டி மூடி வைத்து, மழை பொய்த்த வருஷத்தில் திறப்பார்கள். நெல்லுக்கு இந்த ஆயுள் கிடையாது. கூலியையும் அக்காலத்தில் தானியமாகவே அளந்து கொடுத்தார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலிக்காரனுக்குக் கிடைப்பது அதே படிதான். கூலி காசாக மாறிய பிறகுதான் ‘விலைவாசி’ என்ற பூதம் குடிசைக்குள் வந்தது என்பது என் அபிப்பிராயம். பண்ணையாரின் தயவுக்குக் கட்டுப்பட்ட படி அது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் கேழ்வரகு தின்ற சீமையில் பஞ்சமே வரவில்லையா? வந்தது, மிகக் கொடூரமாக வந்தது. 1876-ஆம் வருஷம் பருவ மழைகள் தவறின. 1878 வரையில் நீடித்த அந்தத் தாது வருஷத்துப் பஞ்சத்தில் தென்னிந்தியா முழுவதும் வெந்தது. அப்போது கடத்தூர்ப் பகுதி அடங்கியிருந்த சேலம் மாவட்டம் மிகவும் அடிபட்ட இடங்களில் ஒன்று. 1871 ஜனத்தொகைக் கணக்கில் அந்த மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் மறுபடி எண்ணிய போது 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல இல்லாமல் போயிற்று. செத்தவர்கள் பலர், இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு இடங்களுக்கும் பிழைக்கப் போனவர்கள் சிலர்.

மழையே இல்லாவிட்டால் கேழ்வரகு மட்டும் எப்படி விளையும்? வீட்டிலிருந்த சேமிப்பு ஏழைக்கு எத்தனை மாதம் வரும்? ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. சேலம் வழியாகப் போகும் ரயில் பாதை அப்போதே வந்துவிட்டது. தானியம் வந்து இறங்கத்தான் செய்தது. அதை வாங்கக் காசுதான் இல்லை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து பெரிய தர்பார் நடத்தினார். அதே மாதத்தில் அவர் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை ராஜதானிக்கு வந்து, நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் கல் உடைக்க வேண்டும். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், ‘இது மனிதன் உயிர் வாழப் போதாது’ என்று வாதாடினார். அந்தச் சண்டை விவரத்தையெல்லாம் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகை ஆசிரியர் 1878-ல் இரண்டு பாகங்களில் எழுதி வைத்திருக்கிறார். கூலியைப் பின்னால் உயர்த்தத்தான் வேண்டியிருந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

பட்ட பிறகு வந்த புத்தியாகப் பஞ்சப் பாதுகாப்பு ரயில் பாதைகள் போடும் யோசனை வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள்; 1913-ல் அது ஓசூர் வரையில் நீண்டது. மழை பொய்த்தால் உட்பகுதிக்கு உணவு கொண்டு போவது அதன் உத்தேசம். உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த 1941-ல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். பஞ்சத்துக்காகப் போட்ட ரயில் இல்லாமல் போன மறு வருஷம், 1942 மார்ச்சில், ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது.

1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். சென்னையில் அந்த வருஷமே ரேஷன் வந்தது. அரிசிக்குப் பதிலாக ஒரு பங்கு கோதுமையும் சிறு தானியங்களும் கொடுத்தபோது பட்டணவாசிகள் முகம் சுளித்தார்கள். ‘கேழ்வரகையா தின்பது!’ என்று அங்கலாய்த்தவர்களுக்கு, அதையே மூன்று வேளையும் தின்று கொண்டிருந்த கடத்தூர்ப் பக்கத்து மனிதனைப் பற்றி நினைவு வந்திருக்காது. அரிசிக்காரர்கள் கேழ்வரகின் பக்கம் திரும்பினால் கேழ்வரகும் விலை ஏறும். அரிசிப் பஞ்சத்தில் அரிசி தின்னாதவனும் அடிபடுவது இந்த வழியாகத்தான்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தக் கதை சட்டென்று மாறவில்லை. 1947 கடைசியில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். விலை ஏறியதும் 1948-ல் மறுபடி போட்டார்கள். 1952 ஜூனில் ராஜாஜி துணிந்து சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்; ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். அதே காலத்தில் மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். மரவள்ளி மாவையும் கடலை மாவையும் பிசைந்து அரிசி மணி போல் உருட்டிச் ‘செயற்கை அரிசி’ செய்தார்கள். சுற்றிலும் ராகி விளைகிற ஊரில் உட்கார்ந்து கொண்டு, மரவள்ளிக்கு அரிசி வேஷம் போட்டார்கள்! அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சத்து போதாது, அரிசி போலக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். கௌரவம் அரிசியில் இருந்தது. இத்தனைக்கும் ராகியில் உள்ள சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம்.

1965-ல் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும்படி தேசத்தைக் கேட்டுக் கொண்டார். அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. தமிழ் வீடுகளில் பூரியும் கிழங்கும் பலகாரப் பதவி பெற்றதில் அந்தத் தட்டுப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. படி என்றால் அரிசிப் படி, சந்தேகமே வேண்டாம். அந்தத் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது.

1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. ரேஷன் கடை கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். கடத்தூர்ப் பக்கத்து மனிதனுக்குத் தீபாவளிச் சோறு தினந்தோறும் கிடைத்தது. இதைக் கேலி செய்கிறவர்கள் பசித்து அறியாதவர்கள். சாமையை உரலில் போட்டுக் குத்தியவர்களும் ஆண்கள் அல்லர். விடியுமுன் எழுந்து திரிகையில் கேழ்வரகு அரைத்தவர்களும் ஆண்கள் அல்லர். ‘அந்தக் காலத்துக் களி போல வருமா?’ என்று பேசும் கிழவர்கள் பக்கத்தில் இருக்கும் கிழவியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ரேஷன் அரிசியைக் கழுவி உலையில் போட்டால் வேலை முடிந்தது. அரிசி ஜெயித்ததற்கு ருசியும் கௌரவமும் மட்டுமல்ல, இந்த உடம்பு நோவும் காரணம்.

ஆனால் நஷ்டமும் இல்லாமல் இல்லை. கேழ்வரகு விளைந்த காட்டில் விற்பனைப் பயிர்கள் ஏறின. குச்சிக் கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளி, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்தத் தொழிலே யுத்த காலத்துத் தட்டுப்பாட்டில், 1943 வாக்கில், மலேயாச் சரக்கு நின்றதால் பிறந்தது. தன் காட்டில் விளைந்ததைத் தின்றவன் இப்போது விளைந்ததை விற்று, தின்பதை வாங்குகிறான். பருப்பு, எண்ணெய், தக்காளி விலை ஏறும்போது அவனுக்கும் பட்டணவாசிக்கும் வித்தியாசம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஏழையின் தானியம் இப்போது விலை உயர்ந்த தானியமாகிவிட்டது. 2022-23 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலையில் சாதாரண நெல் குவிண்டால் 2,040 ரூபாய். ராகி 3,578 ரூபாய். நெல்லைக் குத்தினால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும் என்று கழித்துப் பார்த்தாலும் ராகியே கூடுதல். ரேஷன் அரிசியோ இனாம். சர்க்கரை வியாதிக்காரருக்கு டாக்டர் களியைச் சிபாரிசு செய்கிறார். பட்டணத்து ஹோட்டல்களில் ராகி தோசைக்குத் தனி விலை. வழக்கமாகத் தின்றவன் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் ஒரு காரியம் செய்தது. நீலகிரியிலும் தருமபுரியிலும், ரேஷன் கார்டுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு இலவசமாகக் கொடுக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. தருமபுரி விவசாயிகளிடமே ராகியைக் கொள்முதல் செய்யவும் ஏற்பாடு நடந்தது. கடத்தூர்ப் பக்கத்துக் காட்டில் விளைந்த ராகி, சர்க்கார் கிடங்குக்குப் போய், ரேஷன் கடை வழியாகக் கடத்தூருக்கே திரும்பி வரலாம். திரிகைக்கு இப்போது வேலையில்லை. மெஷினில் கொடுத்தால் சில நிமிஷத்தில் மாவு. இரண்டு கிலோ மாவில் ஆளுக்கு நூறு கிராம் என்று வைத்தால் இருபது உருண்டை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதத்தில் ஐந்து வேளைக்கு வரும்.