கணக்கில் புலி, எழுதுவதில் திணறல்: இவர்களுக்கு ப்ளஸ் டூவுக்குப் பிறகு என்ன?

குடும்பத்தில் முதலில் நல்ல வேலைக்குப் போனவரிடம்தான் எல்லோரும் கேட்பார்கள்: "தம்பி ப்ளஸ் டூ முடிக்கப் போறான், என்ன படிக்க வைக்கலாம்?" ஆனால் அந்தத் தம்பி, கஷ்டமான கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுவிட்டு, அதைத் தாளில் எழுதச் சொன்னால் திணறுகிற பையனாக இருந்தால்?

இப்படிப்பட்ட பிள்ளைகளை 'ட்வைஸ் எக்செப்ஷனல்' என்கிறார்கள். ஒரு பக்கம் வயதை மீறிய திறமை. இன்னொரு பக்கம் டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, ஆட்டிசம், ஏடிஎச்டி போன்ற ஒன்று.

ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை?

திறமை சிரமத்தை மறைக்கிறது. சிரமம் திறமையை மறைக்கிறது. இரண்டும் சேர்ந்து சராசரி மதிப்பெண்ணாக வந்து நிற்கும். "புத்திசாலிதான், ஆனா சோம்பேறி" என்று பள்ளியும் வீடும் முடிவு செய்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் பாடமும் எழுத்து வேலையும் கூடும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது நுழைவுத்தேர்வு வாசலில் நிற்கும்.

சட்டம் என்ன தருகிறது?

திறமைமிக்க மாணவர்கள் பற்றி தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசுகிறது. ஆனால் உயர்கல்விச் சேர்க்கையில் சட்டப்படியான உரிமை எதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வருவதில்லை. உரிமை வருவது சிரமத்தின் பக்கத்திலிருந்துதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு.

தேர்வில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். அதாவது, 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். எழுத முடியாதவர்களுக்கு ஸ்கிரைப், அதாவது சொல்வதை எழுதித் தருபவர், உண்டு.

40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்?

கதவு மூடவில்லை. சிவில் சர்வீஸ் தேர்வில் ஸ்கிரைப் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 40 சதவீத வரம்பை வைத்து இந்த வசதியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது. அதன் தொடர்ச்சியாக, எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலே வந்தது. இட ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் கூடுதல் நேரமும் ஸ்கிரைப்பும் கேட்கலாம்.

உரிமை இருந்தும் நழுவிய ஒரு மணி நேரம்

2021 நீட் தேர்வில், டிஸ்கிராஃபியா சான்றிதழ் வைத்திருந்த ஒரு மாணவிக்குத் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அது அநீதி என்றது. பரிகாரம் காணச் சொன்னது. விதிகளைத் தெளிவாக எழுதவும் சொன்னது. ஆனால் அவருக்காக மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை.

சட்டம் பக்கத்தில் இருந்தாலும் தேர்வு நாளன்று மேற்பார்வையாளருக்கு விதி தெரியாமல் போகலாம். அதனால் சான்றிதழோடு, அந்த ஆண்டின் தேர்வுக் கையேட்டில் இந்த வசதி பற்றி இருக்கும் பக்கத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது.

எப்போது எதைச் செய்வது?

• ஒன்பதாம், பத்தாம் வகுப்பு: உளவியல் மதிப்பீடு. மொத்த ஐக்யூ எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எந்தத் திறன் உச்சத்தில், எது அடியில் என்பதே முக்கியம்.

• பதினொன்றாம் வகுப்புக்குள்: அரசு மருத்துவ அதிகாரியின் சான்றிதழ், ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாக யுடிஐடி அட்டை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு வசதிகளைப் பள்ளி வழியாகக் கேட்க வேண்டும்.

• விண்ணப்பம்: ஸ்கிரைப் வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

ஜேஇஇ, நீட் மட்டும்தானா?

இல்லை. சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட் தனியாக நுழைவுத்தேர்வு நடத்துகிறது. ஆனால் அதில் விடையை விரித்து எழுதும் பகுதியும் உண்டு என்பதைக் கணக்கில் எடுங்கள். அறிவியல் ஒலிம்பியாட் வழியில் வந்தவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் 2025-ல் தனிச் சேர்க்கை தொடங்கியது. அதன் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ கட்டாயமில்லை. நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும் போதும். நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது "எது பிடிக்கும்?" என்பதோடு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கா, ப்ராஜெக்ட்டுக்கா? கல்லூரியில் சம வாய்ப்பு மையம் உண்மையிலேயே இயங்குகிறதா? ஹாஸ்டலில் எழுப்பிவிடவும் நினைவுபடுத்தவும் அம்மா இல்லாதபோது, தன் நாளைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயக்கம் இருந்தால், முதல் வருடம் வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரி தோல்வி இல்லை.

"சான்றிதழ் வாங்கினா முத்திரை குத்திடுவாங்களே?"

பெற்றோர் பலர் தயங்கும் இடம் இதுதான். சான்றிதழ் வாங்கினால் அதைப் போகிற இடமெல்லாம் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எங்கே பயன்படுத்துவது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. வாங்காமல் விட்டால், தேவைப்படும் நாளில் அந்த முடிவே இருக்காது.

அதனால் அடுத்த முறை வீட்டில் யாராவது "என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டால், கல்லூரிப் பெயர் சொல்வதற்கு முன் அந்தத் தம்பியிடமே கேளுங்கள்: "எக்ஸாம் ஹால்ல உனக்கு எங்கடா மாட்டுது?" திட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.