பொருளாதார விருத்தியும் அதன் அளவுகோல்களும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது பழமொழி. நாடுகளின் பொருளாதார விருத்திக்கும் இது பொருந்தும். ஒரு நாடு வறியது என்று கூறுதல் எளிது. அவ்வறுமை எத்துணையது என்பதையும், அது குறைந்து வருகின்றதா என்பதையும் காட்டுதல் எளிதன்று. எதனை அளப்பது, எவ்வலகால் அளப்பது என்னும் இரு வினாக்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டு வந்துள்ளன. அவற்றோடு ஒத்த முதன்மையுடைய மூன்றாம் வினாவொன்றும் உண்டு. அளக்கும்போது எவர் எண்ணப்படுகின்றனர், எவர் விடப்படுகின்றனர் என்பதே அது.

வறிய நாடொன்றின் வருமானத்தைக் கணித்து, அதனை அரசியல் வாதத்துக்கு ஆதாரமாக்கிய முன்னோடி தாதாபாய் நவுரோஜி ஆவர். இந்தியாவின் வறுமை பற்றி 1876ஆம் ஆண்டிலே அவர் படித்த கட்டுரையில், 1867-68ஆம் ஆண்டுக்குரிய விளைவுகளை மாகாணந்தோறும் மதிப்பிட்டு, ஆளொன்றுக்குரிய ஆண்டு வருமானம் 20 ரூபா எனக் காட்டினார். சிறைக்கைதியின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் செலவிட்ட தொகையோடு இதனை ஒப்பிட்டு, குற்றமற்ற குடியானவனின் வருமானம் கைதியின் செலவுக்கும் போதாதென வாதித்தார். ஆட்சியாளர் தரப்பில் 1882இல் 27 ரூபா என்றும், 1901இல் கேர்சன் பிரபுவால் 30 ரூபா என்றும் வேறு கணக்குகள் கூறப்பட்டன. எண்ணொன்று பேரரசின் நிருவாகத்தையே வழக்குக்கு இழுக்க வல்லது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. எனினும் நவுரோஜி தம் எண்ணின் எல்லையையும் அறிந்திருந்தார். செல்வரும் இடைத்தர வகுப்பினரும் பெறும் பெரும்பங்கு போக, ஏழைக்கு எஞ்சுவது அச்சராசரியிலும் குறைவே என்பதை அவர் சுட்டத் தவறவில்லை.

தேசிய வருமானக் கணிப்பு முறையான துறையாக உருப்பெற்றது 1930களிலாகும். ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபைக்கு 1934இல் சைமன் குஸ்நெற்ஸ் சமர்ப்பித்த அறிக்கை இத்துறைக்கு அடிகோலிற்று. வருமானத்தின் அளவைக் கொண்டு மக்களின் நலத்தைத் துணிதல் அரிது என்று அவ்வறிக்கையிலேயே அவர் எச்சரித்திருந்தார். கொலின் கிளாக் 1940இல் வெளியிட்ட நூல் பல நாடுகளின் வருமானத்தை ஒரே அலகால் ஒப்பிட முயன்றது. ஐக்கிய நாடுகள் தாபனம் நியமித்த வல்லுநர் குழு 1951இல் அளித்த அறிக்கை, ஐக்கிய அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, மேற்கு ஐரோப்பா ஆகியவற்றோடு ஒப்பிடத் தலைக்குரிய மெய் வருமானம் குறைந்த நாடுகளே விருத்தி குன்றிய நாடுகள் எனப் பொருள் கொண்டது. ஆர்தர் லூயிஸ் இக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். இவ்வரைவிலக்கணத்தின்படி விருத்தி என்பது தலைக்குரிய வருமானத்தின் பெருக்கம் என்றாயிற்று. நாடுகளை வரிசைப்படுத்த அது எளிய வழி. அதன் செல்வாக்குக்குக் காரணமும் அவ்வெளிமையே.

ஆயின் அக்கணக்கைப் பணப்புழக்கம் குறைந்த நாடுகளில் எடுக்கப் புகுந்தோர் இடர்ப்பட்டனர். 1940களில் வட றொடீசியா, நியாசலாந்து ஆகிய ஆபிரிக்க நாடுகளின் வருமானத்தைக் கணித்த பிலிஸ் டீன் என்னும் அம்மையார், சந்தைக்கு வாராது வீட்டிலேயே நுகரப்படும் விளைவையும், பெண்கள் விறகு தேடுதல் முதலிய உழைப்பையும் விட்டுவிட்டால், கிராமத்தார் எவ்வாறு உயிர்வாழ்கின்றனர் என்பதே விளங்காது போகும் எனக் கண்டார். ஐக்கிய நாடுகள் தாபனம் 1953இல் வகுத்த தேசியக் கணக்கு முறையிலோ சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளர் பராமரிப்பு ஆகிய ஊதியமில்லா வீட்டுப்பணிகளுக்கு இடமில்லாது போயிற்று. விலை பெறாத உழைப்பு வருமானமாகவும் கொள்ளப்படவில்லை.

ஐக்கிய நாடுகள் 1961இல் அறிவித்த விருத்திப் பத்தாண்டு, 1970ஆம் ஆண்டளவில் வறிய நாடுகளின் வருமானம் ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் வளரவேண்டும் என இலக்கு வைத்தது. அக்காலத்தில் வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் புகழப்பட்ட நாடுகளுள் பாக்கித்தான் ஒன்று. அந்நாட்டுத் திட்டக்குழுவின் தலைமைப் பொருளியலாளரான மஹ்பூப் உல் ஹக், கைத்தொழில் முதலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் உள்ளதென 1968இல் பகிரங்கமாகக் கூறினார். மறுவருடம், 1969இல், டட்லி சியர்ஸ் விருத்தியின் பொருளையே மீள ஆராய்ந்தார். வறுமை குறைந்ததா, வேலையின்மை குறைந்ததா, ஏற்றத்தாழ்வு குறைந்ததா எனக் கேட்கவேண்டும்; இவை மோசமடைந்தபின் வருமானம் இருமடங்காயினும் அதனை விருத்தி என்றல் விந்தையாகும் என்பது அவர் கருத்து.

இலங்கையின் வரலாறு இவ்விவாதத்தில் தனியிடம் பெற்றது. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணமற்ற அரசாங்க வைத்தியசேவை, மலேரியாவை ஒழிக்கும் பொருட்டு டி. டி. ரி. தெளித்தமை ஆகியன ஒன்றையொன்று தழுவி நிகழ்ந்தன. 1946இல் ஆயிரவருக்கு 20.3 ஆயிருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. சிசு மரணவீதம், ஒரு வயதின் பின்னான ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு ஆகிய மூன்றையும் சேர்த்து மொறிஸ் டேவிட் மொறிஸ் என்பார் 1979இல் வாழ்க்கைத் தரச் சுட்டெண் ஒன்றை வகுத்தபோது, நூற்றுக்கு எண்பதைக் கடந்த நிலையில் இலங்கை நின்றது. வருமானத்தில் அதனினும் பன்மடங்கு மேம்பட்ட நாடுகள் பல அதற்குப் பின்னே நின்றன. அமர்த்தியா சென் 1981இல் இதனைப் பொதுநல நடவடிக்கையின் பயனுக்குச் சான்றாக்கினார். சுர்ஜித் பல்லா முதலியோர் இப்பேற்றின் பெரும்பகுதி 1960க்கு முன்னரே எய்தப்பட்டதெனக் கூறி, பின்வந்த கொள்கைகளின் பங்கை ஐயுற்றனர். ஒப்பிடுதற்குக் கொண்ட தொடக்க ஆண்டு மாற, முடிவும் மாறிற்று.

இப்புகழுக்கு உள்ளே மறைந்து நின்றோரும் உளர். 1950களிலும் 1960களிலும் நாட்டின் முதன்மை ஏற்றுமதி தேயிலை. அதனைக் கொய்த கைகள் மலையகத் தமிழ்த் தொழிலாளரின் கைகள். தேசிய வருமானக் கணக்கில் அவர்தம் உழைப்பின் பயன் முன்வரிசையில் நின்றது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை பொதுக் கல்வியமைப்புக்குப் புறம்பாகவே கிடந்தன. 1970களின் நடுப்பகுதியில் உணவு அரிதாகியபோது தோட்டங்களில் இறப்புவீதம் நாட்டுச் சராசரியினும் மிக உயர்ந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 87; தோட்டப்பகுதியிலோ 70க்கும் குறைவு. செல்வத்தை ஈட்டித் தந்தோரே அச்செல்வத்தால் விளைந்த நலத்தில் பின்தள்ளப்பட்டனர் என்பதைச் சராசரி காட்டாது ஒளித்தது.

கல்வி பெற்றோர் நிலையையும் அச்சுட்டெண் முற்றும் காட்டவில்லை. 1971 ஏப்பிரலில் கிளர்ந்தெழுந்த இளைஞருட் பலர் பாடசாலைக் கல்வியை முடித்தும் தக்க தொழில் பெறாதவர். அவ்வாண்டில் சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையேயிருந்த இடைவெளியையே தன் ஆய்வின் மையமாக்கியது.

போர்க்காலத்தில் இக்குறை வேறு வடிவம் கொண்டது. 1991இல் எடுக்கப்படவேண்டிய குடிசன மதிப்பு எடுக்கப்படவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது முழுமையாக நிறைவேறியது. இடைப்பட்ட காலத்து மாதிரி ஆய்வுகள் பல வடக்கு, கிழக்கு மாகாணங்களை விலக்கியே நடைபெற்றன. 1981இன் பின் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இலேயாகும். இடம்பெயர்வும் பட்டினியும் மிக்கிருந்த பகுதிகள் புறத்தே நிற்க, ஏனைய பகுதிகளின் எண்கள் நாட்டின் எண்களாக வழங்கின.

ஹக் 1990இல் சென்னின் துணையோடு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் வாயிலாக மானிட அபிவிருத்திச் சுட்டெண்ணை வெளியிட்டார். ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். அதுவும் சராசரியே என்ற குறை நீங்கும்பொருட்டு, ஏற்றத்தாழ்வுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட சுட்டெண்ணும், குடும்பந்தோறும் இல்லாமைகளை எண்ணும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணும் 2010இல் அறிமுகமாயின. நவுரோஜி தம் 20 ரூபாவைப் பற்றிக் கொண்ட ஐயம், நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், அளவுகோலின் அமைப்பிலேயே இடம் பெற்றது எனலாம்.

ஆகவே அளவுகோல்கள் பலவாயினமை வீண்முயற்சியன்று. ஒவ்வொன்றும் முன்னையது காணாத மாந்தரைக் காணச் செய்தது. எனினும் எச்சுட்டெண்ணும், எண்ணுவோர் செல்லாத வீட்டின் நிலையைக் கூறமாட்டாது. ஒரு நாடு விருத்தியுற்றது என்னும் கூற்றை ஏற்குமுன், அந்நாட்டின் மாவட்டந்தோறும், தொழிற்பகுதிதோறும், ஆண் பெண் என்னும் பாகுபாட்டோடும் அவ்வெண்ணைப் பிரித்து நோக்குதல் கற்றோர் கடனாகும். அவ்வாறு பிரிக்க இயலாத எண், எவ்வளவு உயர்ந்ததாயினும், முடிந்த தீர்ப்பாகாது. மேலும் விசாரிக்கவேண்டிய சாட்சியேயாகும்.