பிரசவத்தில் முடிவெடுப்பது யார்?

பிள்ளை பெறப்போகும் தாயிடம் வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா? "டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிரிட்டனின் சட்டமும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. அந்த நினைப்பை மாற்றியது ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு பிரசவம்.

நாடின் மாண்ட்கோமரி இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி, உயரம் குறைந்தவர். நீரிழிவு உள்ள தாயின் வயிற்றில் குழந்தை பெருத்து வளர்வதுண்டு, குறிப்பாகத் தோள்பகுதியில். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளலாம். இத்தகைய தாய்மார்களில் 100 பேரில் 9 அல்லது 10 பேருக்கு இந்த ஆபத்து உண்டு.

குழந்தை பெரிதாக இருக்கிறதே, சுகப்பிரசவம் ஆகுமா என்று நாடின் கவலைப்பட்டார். மருத்துவரோ தோள் சிக்கும் ஆபத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சிக்கினாலும் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படுவது மிக அரிது. ஆபத்தைச் சொன்னால் பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள், அது தாய்மார்களுக்கு நல்லதல்ல என்று அவர் பின்னர் நீதிமன்றத்தில் விளக்கினார். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் தாய் எடுக்க வேண்டிய முடிவை அவரே எடுத்துவிட்டார் அல்லவா?

1999 அக்டோபர் 1-ஆம் தேதி பிரசவத்தின்போது தோள் சிக்கியது. தலை வெளிவந்து உடல் வெளிவர 12 நிமிடங்கள் ஆயின. பிராணவாயு கிடைக்காமல் மகன் சாமின் மூளை பாதிக்கப்பட்டது. கை நரம்புகளும் சேதமடைந்தன.

தாய் வழக்குத் தொடுத்தார். 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று குறுக்கே நின்றது. மற்ற மருத்துவர்களும் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்றால் குற்றமில்லை என்பதே அதன் சாரம். இன்ன ஆபத்து உண்டா என்று நாடின் குறிப்பாகக் கேட்கவில்லை என்பதும் அவருக்கு எதிராகப் போனது. இரண்டு நீதிமன்றங்களில் தோற்றார்.

2015 மார்ச் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆபத்து இருப்பதே தெரியாதவர் அதைப் பற்றி எப்படிக் கேட்பார் என்பது அவர்களின் வாதம். அந்த நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தையும், வேறு வழிகள் இருந்தால் அவற்றையும் மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும். புரியாத மருத்துவ விவரங்களைக் கொட்டிவிட்டுப் பாரத்தில் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்துவிடாது என்றும் கூறினர். எழுவரில் ஒரே பெண்ணான ஹேல் பிரபு மாது, கர்ப்பமான பெண் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்பதைத் தனியே எழுதி வைத்தார்.

இந்த விஷயத்தில் மலேசியா பிரிட்டனை முந்திக்கொண்டது எனலாம். விபத்துக்குப் பின் நடந்த சிகிச்சையில் கைகால் செயலிழந்த பெண்ணின் வழக்கில், 1992-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தீர்ப்பைப் பின்பற்றி, கூட்டரசு நீதிமன்றம் 2006-லேயே அதே திசையில் தீர்ப்பளித்துவிட்டது. சிங்கப்பூர் நீதிமன்றம் 2017-ல் அவ்வழிக்கு வந்தது. பின்னர் அங்கு சட்டத் திருத்தமே இயற்றப்பட்டு 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ளது.

நாடினுக்குக் கிடைத்த இழப்பீடு 52 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. தீர்ப்பு வந்தபோது சாமுக்கு வயது 15.