கூலே த செரான்

கூலே த செரான் என்பது பிரான்சின் மேற்குப் பகுதியில், லுவார் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள சவெனியேர் என்னும் ஊரில் உற்பத்தி செய்யப்படும் வெள்ளை வைன் ஆகும். இது செனின் பிளாங்க் என்னும் ஒரே திராட்சை வகையிலிருந்து செய்யப்படுகிறது. ஏறத்தாழ 7 எக்டேர் பரப்புள்ள ஒரே தோட்டத்தில் விளையும் திராட்சையைக் கொண்டு மட்டுமே இவ்வைன் செய்யப்படுகிறது. அத்தோட்டத்தின் பெயரே வைனின் பெயராகவும் வழங்குகிறது. வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி, உயிராற்றல் வேளாண்மை முறையில் இது விளைவிக்கப்படுவதால், இயற்கை முறை வைன்களைப் பற்றிய விவாதங்களில் முதன்மை எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது.

பெயரும் தகுதியும்

பிரான்சில் ஒரு வைனின் பெயர் பெரும்பாலும் அது விளையும் நிலத்தைக் குறிக்கும். 1935 இல் உருவாக்கப்பட்ட அமைப்பு முறையின் கீழ், எந்த எல்லைக்குள், எந்தத் திராட்சை வகையை, எந்த விளைச்சல் வரம்பில் பயிரிட்டால் அப்பெயரைப் பயன்படுத்தலாம் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. இது "கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப் பெயர்" எனப்படும். சவெனியேர் 1952 இல் இத்தகுதியைப் பெற்றது. கூலே த செரான் முதலில் அதன் உட்பிரிவாக இருந்து, பின்னர் தனித் தகுதி பெற்றது.

ஒரு தோற்றப் பெயருக்குரிய நிலம் முழுவதும் ஒரே உரிமையாளரிடம் இருப்பது அரிது. பர்கண்டியின் ரொமானே-கோந்தி, ரோன் பள்ளத்தாக்கின் சாத்தோ-கிரியே ஆகியவற்றுடன் கூலே த செரானும் அத்தகைய சிலவற்றுள் அடங்கும்.

வரலாறு

இங்கு 1130 ஆம் ஆண்டளவில் சிசுட்டேர்சியத் துறவிகள் முதன்முதலில் திராட்சைக் கொடிகளை நட்டனர் என்பது மரபு. அருகிலுள்ள குன்றில் ரோசு-ஓ-முவான் என்னும் கோட்டை இருந்தது. 1214 இல் இங்கிலாந்து அரசர் ஜான் இக்கோட்டையை முற்றுகையிட்டார். பிரெஞ்சு இளவரசர் லூயி படையுடன் வந்ததும் அவர் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

20 ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற உணவு எழுத்தாளரும் ஆஞ்சே நகரில் பிறந்தவருமான குர்னோன்ஸ்கி (1872–1956), பிரான்சின் தலைசிறந்த ஐந்து வெள்ளை வைன்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டார். மோன்ராசே, சாத்தோ தீக்கேம், சாத்தோ-கிரியே, சாத்தோ-சலோன் ஆகியவை மற்ற நான்கு ஆகும்.

1962 இல் ஜோலி குடும்பத்தினர் இத்தோட்டத்தை வாங்கினர். வங்கித் துறையில் பணியாற்றிய நிக்கோலா ஜோலி, அவ்வேலையை விட்டு 1977 இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். வேளாண் ஆலோசகர்களின் அறிவுரைப்படி முதலில் களைக்கொல்லிகளைப் பயன்படுத்தியதாகவும், ஓரிரு ஆண்டுகளிலேயே மண்ணின் நிறம் மாறிப் பூச்சிகளும் பறவைகளும் குறைந்ததைக் கண்டதாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். இதன் பின்னர் 1980 இல் சிறு பகுதியில் உயிராற்றல் வேளாண்மையைச் சோதித்து, 1984 இல் தோட்டம் முழுவதையும் அம்முறைக்கு மாற்றினார். 2001 இல், ஒத்த கருத்துடைய வைன் உற்பத்தியாளர்களை ஒன்றிணைக்கும் ஒரு பன்னாட்டுக் குழுவையும் தொடங்கினார். பின்னர் அவருடைய மகள் விர்ஜினி ஜோலி தோட்டப் பணியில் இணைந்தார்.

நிலமும் காலநிலையும்

பிரெஞ்சு மொழியில் "தெர்வார்" என்னும் சொல் மண், பாறை, சரிவு, காலநிலை, அங்கு வாழும் மக்களின் பயிரிடும் மரபு ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறிக்கும். ஏறத்தாழ "நிலத்தின் தன்மை" என இதனைத் தமிழில் கொள்ளலாம்.

கூலே த செரானின் சரிவு செங்குத்தானது. தெற்கு, தென்கிழக்குத் திசைகளை நோக்கியது. எனவே சூரிய ஒளி மிகுதியாகக் கிடைக்கிறது. ஆறு அருகில் இருப்பதும் காற்றோட்டமும் திராட்சை முற்றுவதற்குத் துணை புரிகின்றன. மேல்மண் ஆழம் குறைந்தது. அதன் கீழ் படலப்பாறையும் குவார்ட்சும் உள்ளன. இத்தகைய மண்ணில் நீர் விரைவாக வடிந்துவிடுவதால் கொடியின் வேர்கள் பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்க வேண்டியுள்ளது. விளைச்சல் குறைகிறது; பழத்தின் செறிவு கூடுகிறது. சரிவு மிகுந்த இடங்களில் குதிரையைக் கொண்டு உழுகின்றனர்.

செனின் பிளாங்க் முன்னதாகத் துளிர்த்துத் தாமதமாக முற்றும் வகையாகும். எனவே இளவேனில் உறைபனியாலும் இலையுதிர்கால மழையாலும் பாதிப்புக்கு உள்ளாகும். 2021 ஏப்ரலில் ஏற்பட்ட கடும் உறைபனி லுவார் பகுதி உட்பட பிரான்சின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களைத் தாக்கியது.

செய்முறை

உயிராற்றல் வேளாண்மை 1924 இல் ருடால்ஃப் இசுட்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து தோன்றியது. இம்முறையில் பசுஞ்சாணத்தைப் பசுவின் கொம்பில் அடைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைத்து, பின் எடுத்து நீரில் நெடுநேரம் கலக்கித் தெளிப்பர். தமிழ்நாட்டு இயற்கை உழவர்களிடையே இது கொம்பு சாண உரம் எனப்படுகிறது.

அறுவடை ஒரே நாளில் முடிவதில்லை. முற்றிய பழங்களை மட்டும் தேர்ந்து, பல முறை கொடிகளிடையே சென்று கையால் பறிக்கின்றனர். இதற்குச் சில வாரங்கள் ஆகும். சாற்றில் கடையில் வாங்கிய நொதி எதுவும் சேர்க்கப்படுவதில்லை. பழத்தோலிலும் பாதாள அறையிலும் இயல்பாக உள்ள நொதியே அதனைப் புளிக்கச் செய்கிறது. பெரும்பாலும் பழைய ஓக் மரப் பீப்பாய்களே பயன்படுகின்றன. புதிய மரத்தின் மணம் நிலத்தின் தன்மையை மறைத்துவிடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

சுவையும் பரிமாறும் முறையும்

இவ்வைன் பொன்னிறம் கொண்டது, இனிப்பற்றது. செனின் பிளாங்கிற்கே உரிய புளிப்புத்தன்மை மிகுந்திருப்பதால் பல பத்தாண்டுகள் வரை கெடாமல் முதிரக்கூடியது. ஆல்ககால் அளவு பல ஆண்டுகளில் 14 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தேன், தேன்மெழுகு, ஆப்பிள், சீமைமாதுளை, உலர்ந்த பழங்கள், கொட்டைப் பருப்புகள் ஆகியவற்றின் மணங்கள் இதில் உணரப்படுகின்றன.

பொதுவாக வெள்ளை வைன்கள் நன்கு குளிர்விக்கப்பட்டுப் பரிமாறப்படும். மிகுந்த குளிர் மணங்களை அடக்கிவிடுமாதலால், கூலே த செரானை ஏறத்தாழ 14 பாகை செல்சியசில், முன்கூட்டியே வேறு கலத்தில் ஊற்றிவைத்துக் காற்றுப்படச் செய்து பரிமாறுமாறு உற்பத்தியாளர் பரிந்துரைக்கின்றனர். திறந்தவுடன் மூடுண்டதாகத் தோன்றும் வைன், சில மணி நேரத்திலோ மறுநாளிலோ விரிவடைவதுண்டு. எனவே ஒரே புட்டியை வெவ்வேறு நேரங்களில் சுவைத்து ஒப்பிடுவதே இதனை அறியும் சிறந்த வழியாகக் கருதப்படுகிறது.

விவாதங்கள்

இவ்வைன் எல்லோராலும் ஒரே விதமாக மதிப்பிடப்படவில்லை. சில ஆண்டுகளின் வைன் அளவுக்கு மீறி உயிர்வளியேற்றம் அடைந்துள்ளது என்றும், புட்டிக்குப் புட்டி வேறுபடுகிறது என்றும் விமர்சகர்கள் குறை கூறியுள்ளனர். ஒவ்வோர் ஆண்டின் இயல்பையும் மறைக்காமல் காட்டுவதே நேர்மை என்பது ஆதரவாளர்களின் கருத்து.

உயிராற்றல் முறையின் கோள்நிலை சார்ந்த கொள்கைகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இம்முறையில் அனுமதிக்கப்படும் செப்புக் கலவைகளும் மண்ணில் தேங்கக்கூடியவை. எனினும் களைக்கொல்லியைத் தவிர்த்தல், தொழுவுரம் இடுதல், கொடிகளை நாள்தோறும் கவனித்தல் ஆகியவற்றால் மண்ணுக்கு நன்மை உண்டு என்பதைக் கொள்கையை ஏற்காதவர்களும் ஒப்புக்கொள்கின்றனர்.

பாறையின் கனிமங்கள் நேரடியாக வைனின் சுவையாக மாறுகின்றன என்னும் கருத்தையும் நிலவியலாளர்கள் ஏற்பதில்லை. கனிமங்கள் மிகச் சிறிய அளவிலேயே வைனில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சுவையோ மணமோ இல்லை. நீர்வடிதல், வெப்பம், வேரின் ஆழம் ஆகியவற்றின் வழியாகவே நிலம் பழத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

"இயற்கை வைன்" என்னும் பெயருக்கு நீண்ட காலம் அலுவல்முறை வரையறை இருக்கவில்லை. 2020 இல் பிரான்சில் "இயற்கை முறை வைன்" என்னும் முத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. இயற்கை வேளாண்மைச் சான்று, கையால் அறுவடை, இயல்பான நொதி ஆகியவை இதன் நிபந்தனைகளுள் சில. கந்தக சேர்மம் சேர்க்கப்படாமலோ, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மிகாமலோ இருக்க வேண்டும். கூலே த செரான் இம்முத்திரை தோன்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இத்திசையில் நகரத் தொடங்கியது. தோட்டத்தில் நன்றாகச் செய்யப்பட்ட வேலை பாதாள அறையில் செய்ய வேண்டிய வேலையைக் குறைக்கிறது என்பதே அதன் அடிப்படைக் கருத்தாகும்.