மைத்துளியும் நுரைக்குமிழியும்

அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் அச்சிட்டவர்களைப் பற்றி எழுதுகின்றனர்; கழுவியவர்களைப் பற்றி எழுதுவதில்லை. நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தே பக்கங்கள் உருவாகின. அச்சிட்டு முடிந்ததும் எழுத்துகளில் படிந்த மையை மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாது விட்டால் அடுத்த நாள் 'அ'வின் சுழி அடைபட்டுக் கரும்புள்ளியாகவே தாளில் விழும். அச்சகத்தில் மிகக் குறைந்த சம்பளம் பெற்றவர்களின் வேலை அது. ஆயினும் பத்திரிகையின் முகம் அவர்கள் கையிலேயே இருந்தது.

ஈய எழுத்துகள் மறைந்தன. அடைப்பு மறையவில்லை. 'இங்க்ஜெற்' எனப்படும் மைதாரை அச்சுப்பொறியின் நுண்துளைகள் தலைமயிரின் தடிப்பிலும் சிறியவை. சில நாட்கள் பயன்படுத்தாது விட்டால் அவற்றின் வாயில் மை உலர்ந்துவிடும். இந்தப் பொறியின் வரலாறு துளியை எறியக் கற்ற வரலாறு மாத்திரமன்று. துளையைத் திறந்து வைத்திருக்கக் கற்ற வரலாறும் ஆகும் என்பதே என் கருத்து.

கதை தந்தியில் தொடங்குகின்றது. கடலடிக் கம்பிகளின் வழியே வந்த சமிக்ஞைகள் மிகவும் பலவீனமானவை. அவற்றைப் பதியும் பேனா தாளில் உராய்ந்தால் அந்த உராய்வே அசைவைத் தடுத்துவிடும். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தொம்சன் 1867ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கருவியில், மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து மை மின்னூட்டத்தால் தாளை நோக்கித் தெறித்தது. குழாய் தாளைத் தொடவில்லை. 1878ஆம் ஆண்டில் ரேலி பிரபு, திரவத் தாரை ஏன் துளிகளாக உடைகின்றது என்பதைக் கணிதத்தால் விளக்கினார். அந்த விளக்கத்தின் வழியில் சுவீடன் நாட்டு மருத்துவரும் பொறியியலாளருமான ரூனே எல்ம்குவிஸ்ற், இதயத்துடிப்பின் மின் அலைகளை மைத்தாரையால் வரையும் கருவியை உருவாக்கி 1951ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1958இல் மனித உடலினுள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இதய முடுக்கியை வடிவமைத்தவரும் இவரே.

வீட்டு மேசைக்கு வந்த அச்சுப்பொறிக்கு வழி திறந்தது யப்பானில். 1977ஆம் ஆண்டு ஓகஸ்டில் கனன் நிறுவனத்தின் ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் ஆய்வுகூடத்தில், மை நிரப்பிய ஊசியின் மீது சூடான பற்றுக்கோல் தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை பாய்ந்தது. வெப்பத்தால் பிறந்த ஆவிக்குமிழி மையைத் தள்ளியிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட் பக்காட் ஆய்வுகூடத்தில் ஜோன் வோட் என்பவரும் தனித்து இதே வழியைக் கண்டார்.

கண்டுபிடிப்பைப் புகழ்வோர் இங்கே நின்றுவிடுகின்றனர். கடினமான கேள்வியோ இதன் பின்னரே எழுந்தது. உலர்ந்த மை துளையை அடைத்தால் என்ன செய்வது? 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஹியூலெட் பக்காட்டின் 'திங்க்ஜெற்' அச்சுப்பொறியில், பன்னிரண்டு துளைகள் கொண்ட அச்சுத்தலை மைக்கூட்டுடனேயே இணைந்திருந்தது. மை தீர்ந்ததும் தலையையும் எறிந்துவிட வேண்டியதுதான். கழுவும் பிரச்சினையைக் கழுவாமலே தீர்த்த வழி அது!

எப்சன் நிறுவனம் வேறு வழியில் சென்றது. அதன் அச்சுத்தலையில் வெப்பத்திற்குப் பதிலாக, மின்சாரத்தால் வளையும் பளிங்குத்தகடு மையை அழுத்தியது. அத்தகைய தலை விலை கூடியது, பொறியிலேயே நிலைத்திருப்பது. ஆகவே துளைகளை மூடி வைக்கும் தொப்பி, மையை உறிஞ்சி இழுக்கும் பம்பி, முகத்தைத் துடைக்கும் இறப்பர்த் தகடு, கழிவு மையை ஏந்தும் பஞ்சணை ஆகிய அனைத்தும் பொறிக்குள் இடம்பிடித்தன. அச்சகத்தின் கழுவுதொட்டி உருமாறி மேசைக்கு வந்தது எனலாம்.

பொறியின் சுயசுத்திகரிப்பும் பயனற்றுப் போகும்போது, மனிதர் கையில் திரவத்தை எடுக்கின்றனர். இங்கேதான் நுரை குறுக்கிடுகின்றது. உலர்ந்த மையின் இடுக்குகளுக்குள் நீர் நுழைய வேண்டுமாயின் அதன் பரப்பிழுவை குறைய வேண்டும். சவர்க்காரம் போன்ற பொருட்கள் அதைச் செய்கின்றன. ஆனால் அதே மூலக்கூறுகள் குமிழியின் மென்படலத்தில் அணிவகுத்து அதை உடையவிடாமலும் காக்கின்றன. அழுக்கை அகற்றும் குணமும் நுரைக்கும் குணமும் ஒரே தாயின் பிள்ளைகள். பளிங்குத்தகட்டுத் தலையினுள் ஒரு வளிக்குமிழி தங்கினாலே போதும். தகடு தரும் அழுத்தத்தைக் குமிழி தானே சுருங்கி விழுங்கிவிடும், துளி வெளியேறாது. பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசியால் செலுத்துவோர் ஓர் அடைப்பை நீக்கி இன்னொன்றை வைத்துவிடுகின்றனர்.

இந்தப் பரப்பின் இயல்பை அளக்கக் கற்றுத்தந்தவர் எந்த ஆய்வுகூடத்தையும் சேர்ந்தவரல்லர். ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் நோயுற்ற பெற்றோரைப் பராமரித்து வந்த அக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண்மணி, சமையலறையிலேயே தகரத்தட்டில் நீரூற்றி, எண்ணெயும் சவர்க்காரமும் அதன் பரப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்று அளந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. 1891இல் அவர் ரேலி பிரபுவுக்கு எழுதிய கடிதம், ரேலியின் பரிந்துரையுடன் அதே ஆண்டு மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியாகியது. துளியின் கணிதத்தைத் தந்த ரேலியே, 1890இல் இலண்டனில் நுரை பற்றி உரையாற்றித் தூய திரவம் நுரைப்பதில்லை என விளக்கியவர். துளியும் நுரையும் ஒரே அறிஞரின் மேசையில் சந்தித்தன.

நுரையை அடக்குவதற்குப் பின்னர் சிலிக்கோன் எண்ணெயும் நுண்ணிய சிலிக்காத் துகள்களும் பயன்பட்டன. அவை படலத்தைத் துளைத்துக் குமிழியை உடைக்கும். மிகச் சிறிதளவே போதும். எனினும் சிலிக்கோன் அச்சுத்தலையின் முகத்தில் படிந்தால் துளி கோணலாகப் பாயும். ஆகவே நீரை ஊடுருவச் செய்தும் நுரையைத் தூண்டாதும் இருக்கும் அசற்றிலீனிக் டையோல் வகைச் சேர்மங்கள் மைகளிலும் சுத்திகரிப்புத் திரவங்களிலும் இடம்பெற்றன. நுரை வந்தபின் அழிப்பதிலும் வராமற் செய்வதே நன்று என்ற பாடம் அது.

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் குளித்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரியும். அந்த நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றது. சலவை இயந்திரத் தூள்களில் நுரையை அடக்க இதே வினை பயன்பட்டது. ஆனால் நுரைக்கவில்லை என்று எண்ணிக் கிணற்று நீரால் அச்சுத்தலையைக் கழுவலாகாது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு நுண்துளையிலும் படியும். வடித்த நீரே உகந்தது. அதையும் மெதுவாகச் செலுத்தி, ஊறவிட்டு, பொறுத்திருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் சிறுசஞ்சிகைகளும் நினைவுமலர்களும் நடத்தும் நம்மவர் பலர் அடைபட்ட அச்சுப்பொறியை வீதியோரத்தில் வைத்துவிட்டுப் புதியதை வாங்குகின்றனர். புதிய மைக்கூட்டின் விலைக்கே புதிய பொறி கிடைக்கும்போது அவர்களைக் குறைகூறவும் முடியாது. ஆனால் எறிவதே மலிவு என்றாகும்போது கழுவும் அறிவு கைமாறாமல் அழிகின்றது.

பொக்கெல்ஸுக்கு 1932ஆம் ஆண்டு, எழுபதாவது வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார். எண்டோவின் ஊசியைப் பேசும் அச்சு வரலாறுகள் அவருடைய தகரத்தட்டைப் பேசுவதில்லை. பேச வேண்டும்.