ஒரு பிரிண்டர், நாலு கம்ப்யூட்டர்



போன சந்திப்பின்போது கேன்டீன் வாசலில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், எங்க வீட்ல வைஃபை பிரிண்டர் இருக்கு. அப்பா லேப்டாப்ல குடுத்தா வருது. என்னோடதுல குடுத்தா அப்படி ஒரு பிரிண்டரே இல்லைங்குது. ஹால் டிக்கெட் எடுக்க பூந்தமல்லி டிரங்க் ரோடு வரைக்கும் போய்ட்டு வந்தேன். நீங்கல்லாம் அந்தக் காலத்துல என்ன சார் பண்ணீங்க?"

அவர் "அந்தக் காலம்" என்று சொன்னது 1996-ஐ! மனசு லேசாக வலித்தாலும், கேள்வி நல்ல கேள்வி. அரை மணி நேரம் பதில் சொன்னேன். பக்கத்தில் நின்ற மலர்க் குழு நண்பர், "இதையே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, இந்தக் கட்டுரைக்குப் பொறுப்பு அவர்தான்.

நெட்வொர்க் முதலில் வந்தது, பிறகு யாரோ அதில் பிரிண்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் 1970-களின் தொடக்கத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் காப்பியர் இயந்திரத்தை மாற்றியமைத்து லேசர் பிரிண்டரை உருவாக்கினார். இன்னொரு பக்கம், ஆளுக்கொரு மேஜைக் கம்ப்யூட்டர் என்ற கனவோடு 'ஆல்டோ' தயாராகிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் சரி. ஆளுக்கொரு லேசர் பிரிண்டர் கொடுக்க ஜெராக்ஸ் முதலாளியாலும் ஆகாது! நொடிக்கு ஒரு பக்கம் அடித்துத் தள்ளும் அந்த இயந்திரத்துக்கு, கட்டடத்தில் இருக்கும் எல்லா ஆல்டோவிலிருந்தும் அதற்கு ஈடான வேகத்தில் தகவல் போய்ச்சேர வேண்டும். அப்படி ஒரு இணைப்பு தேவைப்பட்டதால்தான் பாப் மெட்காஃப், டேவிட் பாக்ஸோடு சேர்ந்து ஈதர்நெட்டை உருவாக்கினார். அவருடைய முதல் குறிப்பின் தேதி 1973 மே 22. உங்கள் வீட்டு ரூட்டரின் பின்பக்கத்தில் கேபிள் செருகும் சதுர ஓட்டை இருக்கிறதே, அதன் பூர்வீகம் ஒரு பிரிண்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்டதில் இருக்கிறது.

இந்தச் சங்கதி அம்பத்தூருக்கு வந்துசேர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன் நமக்கு வந்தது ஒரு தகரப் பெட்டி.

டேட்டா ஸ்விட்ச் என்று பெயர். முன்பக்கம் ஒரு திருகு, அதைச் சுற்றி ஏ, பி என்று எழுத்து. பெரிய பெட்டியாக இருந்தால் டி வரைக்கும் போகும். பின்பக்கம் 25 பின் கொண்ட சாக்கெட்டுகள். பிரிண்டர் முனையில் மட்டும் 36 பின் கொண்ட அகலமான சென்ட்ரானிக்ஸ் கனெக்டர். 1970-ல் சென்ட்ரானிக்ஸ் என்ற பிரிண்டர் கம்பெனி கொண்டுவந்த அமைப்பு அது. கம்பெனி பேரே கனெக்டருக்குப் பேராகிவிட்டது. 1981-ல் ஐபிஎம் தன் பி.சி.யில் சின்ன 25 பின் சாக்கெட்டை வைத்ததால்தான் கேபிளின் ஒரு முனை ஒரு மாதிரி, மறுமுனை வேறு மாதிரி. கேபிள் பத்துப் பதினைந்து அடியைத் தாண்டினால் எழுத்து கோணல்மாணலாகும். ஆக, பிரிண்டரைப் பங்கு போட்டவர்கள் ஒரே அறையில்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

1960-களில் உருவான நம் தொழிற்பேட்டையில் இந்தப் பெட்டிக்கு நல்ல மவுசு. காரணம் இன்வாய்ஸ். 1994-ல் மத்திய கலால் துறை பழைய கேட் பாஸை எடுத்துவிட்டு இன்வாய்ஸ் முறையைக் கொண்டுவந்தது. வாங்குபவருக்கு ஒரு காப்பி, லாரியோடு போக ஒன்று, நமக்கு ஒன்று என்று கார்பன் வைத்து ஒரே அடியில் அடிக்க வேண்டும். ஊசி குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸால்தான் அது முடியும். லேசருக்கும் இங்க்ஜெட்டுக்கும் அழுத்தம் கிடையாது. (2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் சரக்குக்கு மூன்று காப்பி என்ற விதி போகவில்லை. அதனால்தான் எஸ்டேட் பக்கம் இன்றும் அந்த 'கீர்ர்' சத்தம் காதில் விழுகிறது.)

1996-ல் ஓ.டி.யில் எங்கள் வீட்டு மாடியில் நானும் இரண்டு பேட்ச் நண்பர்களும் பட்டறைகளுக்குக் கணக்கு அடித்துக் கொடுக்கும் வேலையை ஆரம்பித்தோம். இரண்டு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர், 132 காலம் பிரிண்டர் ஒன்று, ஒரு தகரப் பெட்டி. பிரிண்டருக்கு மூன்று பேர் பணம் போட்டிருந்ததால் மூன்று பேருக்கும் அது சொந்தம், சண்டையும் மூன்று பங்கு. "டேய், ஏ-ல இருக்கா பி-ல இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானைத் தட்ட வேண்டும். கேட்காமல் நடுவில் திருப்பினால் மேல் பாதி ஒரு பட்டறையின் போல்ட்டு, கீழ்ப் பாதி இன்னொரு பட்டறையின் வாஷர். இது சிரிக்கும் விஷயம் இல்லை. இன்வாய்ஸுக்கு வரிசை எண் உண்டு. ஒரு செட் கெட்டால் எல்லாக் காப்பியிலும் 'கேன்சல்' எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். ஒருநாள் சாயங்காலம் தொடர்ந்து மூன்று செட் போனது. லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பட்டறைக்காரர் படியேறி வந்து, "தம்பி, கையாலேயே எழுதியிருக்கலாம் போலிருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களை நெட்வொர்க் போட வைத்தது.

அடுத்த வருஷம் மாடிக்கும் கீழ் ஹாலுக்கும் சேர்த்துக் கறுப்பு நிறக் கோஆக்சியல் கேபிள் இழுத்தோம். டி.வி. கேபிளின் தம்பி மாதிரி இருக்கும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு மாலை கோத்த மாதிரி போகும். இரண்டு கடைசி முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். (அர்னால்டு படத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.) ஒரு துண்டு 185 மீட்டர் வரை போகலாம் என்பது கணக்கு. எங்களுக்கு வேண்டியது ஒரு மாடிப்படி. ஆனால் நடுவில் ஒரே ஒரு முனை லூஸானாலும் மொத்தமும் படுத்துவிடும். பெருக்கும்போது அம்மாவின் துடைப்பம் பட்டாலே போதும்!

அதுவரை நாவெல் நெட்வேர் போன்ற தனி சர்வர் வைத்துச் செய்த காரியத்தை 1992-ல் வந்த விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் சர்வரே இல்லாமல் செய்துகாட்டியது. 1995-ல் வந்த விண்டோஸ் 95 அதை வீட்டுக்கே கொண்டுவந்தது. பிரிண்டர் படத்தின் மேல் மவுஸை அழுத்தி 'ஷேரிங்' கொடுத்தால், படத்தின் அடியில் ஒரு சின்னக் கை வந்து தாங்கிப் பிடிக்கும். திருகு போய் வரிசை வந்தது. ரேஷன் கடையில் பையை வைத்துவிட்டு வருகிற மாதிரி, வேலையைக் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம், முறை வரும்போது அது அச்சாகும். பாதி போல்ட்டு, பாதி வாஷர் தொல்லை அன்றோடு ஒழிந்தது.

தமிழில் அடிப்பவர்களுக்கு இதனால் கிடைத்த பெரிய உபகாரத்தைப் பலர் கவனிக்கவில்லை. அந்த நாளில் தமிழ் ஃபான்ட் என்பது ஆளுக்கொரு ஜாதி. 'அ' ஒரு ஃபான்ட்டில் ஒரு எண்ணில் இருக்கும், இன்னொன்றில் வேறு எண்ணில் இருக்கும். ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டு பிரிண்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே அதே ஃபான்ட் இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஜிலேபி சுற்றியிருக்கும். நெட்வொர்க் பிரிண்டரில் அந்தக் கவலை இல்லை. அடிக்கிறவரின் கம்ப்யூட்டரிலுள்ள ஃபான்ட்டைக் கொண்டே பக்கம் உருவாகும். கீழ் ஹாலில் என் தங்கை கோயில் நோட்டீஸை ஒரு ஃபான்ட்டிலும், மாடியில் நண்பன் கவிதைத் தொகுப்பை இன்னொன்றிலும் ஒரே பிரிண்டருக்கு அனுப்பினார்கள், இரண்டும் தமிழாகவே வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொது முறை பேசி முடிவெடுத்தார்கள். யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-ல். இடைப்பட்ட பத்து வருஷத்துக்கு மேல் எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் ஒழுங்காக வெளிவந்ததற்கு வீட்டுக்குள் ஓடிய அந்தக் கேபிளும் ஒரு காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சந்திப்பில் சண்டைக்கு வரலாம்.

நடுவில் கொஞ்ச காலம் பகிர்வதே தேவையில்லாமல் போனது. இங்க்ஜெட் பிரிண்டர் மலிவாகக் கிடைத்தது. வாங்கிய பிறகுதான் கார்ட்ரிட்ஜ் விலை தெரிந்தது! தெருவுக்குத் தெரு ரீஃபில் கடை முளைத்தது.

பிறகு கம்ப்யூட்டர்கள் பெருகின. 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது, அதோடு ரூட்டரும் வீடு புகுந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. ஆவடியிலும் பட்டாபிராமிலும் அதுவரை கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளில் அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு லேப்டாப் வந்தன. பிரிண்டர் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆரம்பக் கட்ட லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது. வீட்டுக்குள் பிரிண்டர் பகிர அதில் 'ஹோம்குரூப்' என்ற சுலப வழி உண்டு, ஆனால் ஸ்டார்ட்டரால் குரூப்பில் சேர முடியும், குரூப்பை உருவாக்க முடியாது. வசதியான பதிப்பு வைத்திருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால்தான் கதவு திறக்கும். 2018-ல் விண்டோஸ் 10-லிருந்து ஹோம்குரூப்பையே எடுத்துவிட்டார்கள்.

அதே லேப்டாப்பில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகள் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான். ஏனென்றால் அந்த வழிக்கும் மூலம் ஒரு பிரிண்டர். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொது. காகிதம் சிக்கினால் காத்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகும்படி பழைய பிரிண்டரின் புரோகிராமை அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அதையே செய்யப் பார்த்தால் மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆசாமி, "தரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று விட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் ஸ்டால்மன் ஜிஎன்யு திட்டத்தை அறிவித்தார். லினக்ஸில் பிரிண்டரைப் பகிரும் 'கப்ஸ்' 1999-ல் மைக்கேல் ஸ்வீட் வெளியிட்டது. பிற்பாடு ஆப்பிள் அதைத் தன் கம்ப்யூட்டர்களிலும் வைத்துக்கொண்டு, பிறகு வாங்கியும்விட்டது.

2020-ல் ஊரடங்கு. பாடம் வீட்டில், பரீட்சை வீட்டில், ஜெராக்ஸ் கடை மூடிக்கிடந்தது. வீட்டில் பிரிண்டர் வைத்திருந்தவர்களைத் தெருவே தேடி வந்தது. எங்கள் சந்தில் மதில் சுவர் மேல் காகிதம் கைமாறியது. அந்த வருஷம் டிசம்பர் 31-ல்தான் கூகுள் தன் கிளவுட் பிரிண்ட் சேவையை மூடியது. பக்கத்து அறைப் பிரிண்டருக்கு இன்டர்நெட் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 2021 ஜூன் கடைசியில் விண்டோஸின் பிரிண்ட் வரிசையிலேயே பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்தடுத்த மாதங்களில் ஓட்டையை அடைத்து வந்த அப்டேட்டுகளால் உலகம் முழுக்கப் பகிர்ந்து வைத்திருந்த பிரிண்டர்கள் பல நின்றுபோயின. கள்ளனுக்குப் பயந்து பூட்டியதில் வீட்டுக்காரரும் வெளியே நின்றார்.

நான் பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, கப்ஸை வைத்து, பிரிண்டரை அதன் பொறுப்பில் விட்டேன். இன்றும் ஓடுகிறது.

கேன்டீன் வாசல் மாணவருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. நாலு கேள்வி கேட்டதில் விஷயம் புரிந்தது. ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் ஒன்று இருந்தது. பையன் அதில் இருந்தான், அப்பாவும் பிரிண்டரும் வீட்டுப் பெயரில் இருந்தார்கள். விருந்தினர் வைஃபை வீட்டிலுள்ள மற்ற சாதனங்களைக் கண்ணில் காட்டாது, அதன் வேலையே அதுதான். "அப்பா கிட்ட பாஸ்வேர்டு கேட்டு அதுக்கு மாறு. ரூட்டர்ல பிரிண்டருக்கு ஒரே அட்ரஸ் நிரந்தரமா இருக்கற மாதிரி வெச்சிடு" என்று சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி போன் வந்தது. "சார், வந்துடுச்சு. ஆனா முன்னாடி ஆறு தடவை குடுத்தது எல்லாம் வரிசையில நின்னுட்டிருந்துச்சு போல. ஆறு ஹால் டிக்கெட்டும் சேர்ந்து வருது, எப்படி சார் நிறுத்தறது?"