டேப்பா, ஸ்பேஸா? ஒரு பழைய பஞ்சாயத்து

திருநெல்வேலிக்காரனுக்குத் தண்ணீரைப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை கழியாது. தாமிரபரணிக்கு இந்த புனேயில் எங்கே போக? அதனால் வாரக்கடைசியானால் தங்கமணியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடக்வாஸ்லா அணைப் பக்கம் ஒதுங்குவது வழக்கம். போன வாரமும் மழைத்தூறல், சுட்ட சோளக்கதிர், எலுமிச்சம்பழத்தோடு உப்புக் காரம். ஆனால் பெண்ணின் முகம் மட்டும் சரியில்லை.

"வீட்டுல ஓடின பைத்தான் புரோக்ராம் ஸ்கூல்ல ஓடலப்பா. ஃப்ரெண்ட் ரெண்டு வரி சேர்த்தா, அவ்ளோதான். ஒரு எழுத்துகூட தப்பில்ல. நல்லா பாத்துட்டேன்."

ராத்திரி வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். அவள் சொன்னது நிஜம், எழுத்தில் தப்பில்லை. தப்பு வெற்றிடத்தில் இருந்தது. இவள் வரிகளுக்கு முன்னால் நான்கு ஸ்பேஸ். தோழியின் வரிகளுக்கு முன்னால் ஒரு டேப். திரையில் ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். 2008-ல் வந்த பைத்தான் 3, இப்படிக் குழப்பமாகக் கலந்து வைத்தால் ஓட மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு ஏம்பா இவ்ளோ சண்டை?" என்றாள். நியாயமான கேள்வி. கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னால் சுற்றுவோம்.

நம்மில் பலபேர் வீட்டில் அக்காவோ சித்தியோ டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்திருப்பார்கள். கட்டம் கட்டமாகக் கணக்கு அடிக்க வேண்டும் என்றால் முதலில் டேப் செட் பண்ணுவார்கள். டேப் கட்டையை அழுத்தினால் வண்டி நேராக அந்த இடத்தில் போய் நிற்கும். எந்த இடம் என்பது அடிப்பவர் வைத்ததுதான். வரி முடிந்ததும் கம்பியைப் பிடித்து ஓர் இழு. அந்த ஒரே இழுப்பில் ரெண்டு வேலை நடக்கும்: காகிதம் ஒரு வரி மேலே ஏறும், வண்டி ஆரம்பத்துக்குத் திரும்பும்.

1963-ல் ஆஸ்கி குறியீடு வந்தபோது இந்த அசைவுகளுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். டேப்புக்கு 9, வரி ஏற்றத்துக்கு 10, வண்டித் திரும்பலுக்கு 13. இங்கே ஆரம்பித்தது வினை. வரி முடிய 10 மட்டும் போதும் என்றது யூனிக்ஸ். 13, 10 ரெண்டும் வேண்டும் என்றது டாஸ், அதன் வழியில் விண்டோஸ். பழைய மேக் 13 மட்டும் போதும் என்றது. டேப் எத்தனை இடம் தள்ளும் என்பதோ, எடிட்டரின் இஷ்டம்.

இது நமக்குப் புதுசில்லை. 2000-ஐ ஒட்டி இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் டிஸ்கியில் எழுதுவார், இன்னொருவர் டேபில் எழுதுவார், சரியான எழுத்துரு இல்லாதவருக்கு வெறும் பூச்சி பூச்சியாகத் தெரியும். அனுப்பிய கோப்பு ஒன்றுதான், பார்க்கிற கண் வேறு. (அந்த டேப் குறியீடு வேறு, இந்த டேப் கட்டை வேறு. பெயர்ப் பொருத்தம் மட்டும் பிரமாதம் :-)) யூனிகோட் என்ற பொது ஏற்பாட்டுக்கு எல்லாரும் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

நிரல் உலகத்தில் ஆரம்பத்தில் சண்டையே கிடையாது. ஐபிஎம்மின் 80 பத்தி அட்டை 1928-லேயே வந்துவிட்டது. 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் அதற்குள் பாத்தி கட்டியது. முதல் ஐந்து பத்தி வரியெண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, 7 முதல் 72 வரை நிரலுக்கு. சென்னை ஐஐடியில் 1973-ல் நிறுவிய ஐபிஎம் 370-இன் காலமும் இந்த அட்டைகளின் காலம்தான். ஒரு பத்தி தள்ளிக் குத்தினால் போச்சு.

பிறகு சி மொழி வந்தது, கூடவே சுதந்திரமும் வந்தது. எங்கே வேண்டுமானாலும் தள்ளி எழுதலாம், கம்பைலருக்குக் கவலையில்லை. லினக்ஸ் கெர்னலில் டேப், அதுவும் எட்டு இடம் அகலம் என்றார் லினஸ் டோர்வால்ட்ஸ். க்னூ முகாமில் ரெண்டு ஸ்பேஸ். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவியில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். அது சரியில்லை என்று அவருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பேருக்காக இன்றுவரை உலகமே டேப் அடிக்கிறது!

இது வெறும் ரசனைச் சண்டை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், 2006 வரை. அப்போது வேறு இடத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஒரு மதுரைத் தம்பி, வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். நான் எழுதிய ஒரு பெரிய கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். அவனுடைய எடிட்டர் சேமிக்கும்போது எல்லா டேப்பையும் ஸ்பேஸாக்கி, வரி முடிவுகளையும் மாற்றிவிட்டது. அடுத்த வாரம் கணக்கில் ஒரு பிழை. மேலிடம் சப்வெர்ஷனில் யார் செய்தது என்று பார்த்தது. அந்தக் கட்டளைக்குப் பெயரே 'பிளேம்', அதாவது பழி. கோப்பு முழுக்க, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தம்பியின் பெயர்.

பிழை என்னுடையது. ஒரு வருஷத்துக்கு முன் நான் எழுதிய வரி. பழைய பிரதியைத் தோண்டி எடுத்து அதை நான் நிரூபிக்க ரெண்டு நாள் ஆனது. அந்த ரெண்டு நாளும் தம்பி சாப்பிட வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. கோப்புக்கு ஒரு பொது ஒழுங்கை நான் வைக்காமல் விட்டதற்கு அவன் பழி சுமந்தான்.

பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் ஓர் ஓட்டை வெளிவந்தது. ஒரே வரி தவறுதலாக ரெண்டு தடவை வந்திருந்தது. ரெண்டாவது வரியும் நிபந்தனைக்கு உட்பட்டது போலத் தள்ளி உட்கார்ந்திருந்ததால் பார்வையில் படவில்லை. உண்மையில் அது நிபந்தனையே இல்லாமல் ஓடி, அதற்குப் பிறகு வரவேண்டிய சோதனையைத் தாண்டிப் போனது. ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்று ஓடியிருந்தால் அந்த வரியை இடப்பக்கம் இழுத்துக் காட்டிக்கொடுத்திருக்கும்.

தீர்வு ரெண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று, பேச்சுக்கே இடமில்லாமல் கருவியே அடுக்கிவிடுவது. 2009-ல் வெளியான கோ மொழி தன் அடுக்கும் கருவியைக் கையோடு கொண்டுவந்தது. அதன் பாணி எல்லாருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. ஆனால் சண்டை ஓய்ந்தது எல்லாருக்கும் பிடித்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-ல் பிரிட்டியர், பைத்தானுக்கு 2018-ல் பிளாக் என்று அதே வழியில் வந்தன.

இன்னொன்று, 2010-களின் தொடக்கத்தில் வந்த எடிட்டர்கான்ஃபிக். புராஜெக்டின் தலைவாசலில் ஒரு சின்னக் கோப்பு. டேப்பா ஸ்பேஸா, எத்தனை, வரி எப்படி முடியும், எந்த எழுத்துக் குறியீடு, வரிக் கடைசியில் மிஞ்சும் வெற்றிடத்தை வெட்டலாமா, அவ்வளவுதான். பல எடிட்டர்கள் தாமாகவே இதைப் படிக்கும். சிலவற்றுக்கு ஒரு நீட்சி போட வேண்டும். மேக் கோப்புக்கு மட்டும் டேப் என்று விதிவிலக்கும் எழுதலாம், ஃபெல்ட்மன் புண்ணியத்தில்.

ஒரு எச்சரிக்கை. பழைய புராஜெக்டில் இதைக் கொண்டுவந்தால், அடுக்குகிற மாற்றத்தைத் தனியாகச் சேருங்கள், வேறு திருத்தத்தோடு கலக்காதீர்கள். 2019 முதல் கிட் அந்த ஒரு மாற்றத்தைப் பழிக் கணக்கில் விட்டுவிடவும் செய்கிறது. எங்கள் தம்பிக்கு பதிமூன்று வருஷம் தாமதம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெண் கேட்டாள்: "அப போ எல்லாரும் ஒரே எடிட்டர் வெச்சுக்கணுமா?"

வேண்டாம் என்றேன். அணைக்குப் பக்கத்திலேயே 1955-ல் திறந்த தேசியப் பாதுகாப்புக் கழகம் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் போகும் பிள்ளைகள் அங்கே மூன்று வருஷம் சேர்ந்து பயில்கிறார்கள். பிறகு ஒருவர் டாங்கிக்கு, ஒருவர் கப்பலுக்கு, ஒருவர் விமானத்துக்கு. கருவி வேறு வேறாக இருக்கலாம். சேர்ந்து நடக்கிற இடத்தில் அடி ஒன்றாக இருந்தால் போதும்.

அன்று ராத்திரியே அவளும் தோழியும் போனில் பேசி முடிவெடுத்தார்கள். நான்கு ஸ்பேஸ். கோப்பில் அதை எழுதி வைத்தது என் பெண்தான்.